தகப்பனைக் காணாதவளின் மூச்சு

கனடாவின் அஜின்கோர்ட்டில் சுபாங்கி வாய்க்குள் ஊதினால், குழந்தைகளின் நாக்கில் படர்ந்திருக்கும் வெள்ளைப் புண் விடிவதற்குள் உதிர்ந்துவிடும். தகப்பனைக் காணாமல் பிறந்தவர்களின் மூச்சுக்கு அந்தக் குணம் உண்டென்று முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு ஸ்டெபனி, அயர்லாந்தில் பிறந்தவள். அவளுடைய பேத்தி வாய்ப்புண்ணால் பால் குடிக்காமல் கிடந்தபோது வந்து கெஞ்சினாள். ஒரு நிபந்தனை இருந்தது: ஊதுகிறவர் பிறக்குமுன்பே தகப்பன் இறந்திருக்க வேண்டும்.

சுபாங்கி வயிற்றில் இருக்கும்போது அவள் தகப்பன் ஜெயரட்ணத்தை யாழ்ப்பாணத்தில் துவக்குகளோடு வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. தாய் மங்கையற்கரசி கனடாவுக்கு வந்த பிறகும் தாலியைக் கழற்றவில்லை. குங்குமம் வைக்காமல் கதவைத் திறந்ததில்லை. "அவர் எங்கையோ இருக்கிறார். நீ ஊதினாலும் அந்தப் புண் மாறாது, போய் ஊதிப்பார்," என்றாள். மாறக்கூடாது என்று வேண்டிக்கொண்டே சுபாங்கி ஊதினாள். காலையில் புண் உதிர்ந்து, குழந்தை பசியில் வீரிட்டது.

"உது மருந்தாலை மாறினது," என்றாள் தாய். பிறகு மில்லிக்கனிலிருந்தும் றிச்மண்ட் ஹில்லிலிருந்தும் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் குணமாகக் குணமாக மங்கையற்கரசியின் பேச்சுக் குறைந்தது. இனி ஊதமாட்டேன் என்று சுபாங்கி கதவைப் பூட்டிப் பார்த்தாள். வெளியே குழந்தைகள் அழுவதைப் பொறுக்க முடியாமல் திறந்தாள்.

பனிக்காலத்தில் அதே வெள்ளை தாயின் வாயிலும் படர்ந்தது. டொக்டரின் மருந்து கேட்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. மகளைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொண்டாள். மெலிந்து மெலிந்து, கட்டிலில் சேலை மட்டும் கிடப்பதுபோல் ஆனாள்.

"அம்மா, அப்பாவைத்தான் நான் காணேல்லை. உங்களையும் விடச் சொல்லுறியளோ?" என்று சுபாங்கி அழுதாள்.

மங்கையற்கரசி வாயைத் திறந்தாள். சுபாங்கி ஊதினாள்.

மறுநாள் காலை தலையணையில் வெள்ளை உதிர்ந்து கிடந்தது, பனித்தூளைப்போல. ஆனால் வெயிலில் உருகவில்லை. "பசிக்குது பிள்ளை," என்றாள். கஞ்சியைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தபின், "அவர் இல்லை," என்று சொல்லி, முப்பத்தைந்து வருடமாக அழாத அழுகையை அழத் தொடங்கினாள். செத்தவீட்டுச் சத்தம் கேட்டுத் தெருச்சனம் வந்தது. எப்போது செத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டெபனி சூப் கொண்டுவந்தாள். ஐயர் வந்து அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் குறித்தார். அவர் எழும்புமுன் யாரோ வாய்ப்புண்ணோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மங்கையற்கரசி அதைக் கையில் வாங்கி, மகளின் மடியில் வைத்தாள்.