செங்கொடி கட்டிய மாடி

புருஷனை இழுத்துக்கொண்டு வரத்தான் செங்கொடி அந்தக் கடைக்குள் நுழைந்தாள். தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நின்று ஊரே குடத்தோடு ஓடிக்கொண்டிருக்க, ஜெயவேலோ ஜஹானாராவின் எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய அறையில், வீடியோ கேம் மிஷினுக்கு முன்னால், உலகத்தையே தன் விரல் நுனியில் நிறுத்தி வைத்திருப்பவன் மாதிரி மூச்சடக்கி நின்றான்.

"யோவ், லாரி வந்துகினு கீது, நீ இங்க இன்னாயா பண்ற?"

"இருமே. பதினொன்னு வந்துட்டேன்."

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரையில் ஒரு கிரேன் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும். கொக்கியில் ஒரு பெட்டி. மிஷினில் இருப்பது ஒரே ஒரு சிவப்பு பட்டன். அமுக்கினால் பெட்டி விழும். கீழே இருக்கிற பெட்டியின் மேல் சரியாக உட்கார்ந்தால் ஒரு மாடி. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை மிஷின் நறுக்கிவிடும், அடுத்த பெட்டி அந்த அளவுக்கு ஒல்லியாகத்தான் வரும். மேலே போகப்போக கிரேனுக்குப் பேய் பிடித்துவிடும். பதினைந்து மாடி கட்டினால் மணி அடிக்கும் என்று எழுதி ஒட்டியிருந்தாள் ஜஹானாரா. அந்த மணி எப்படி இருக்கும் என்று விம்கோ நகரில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஜெயவேல் இருபது வருஷம் நிஜக் கிரேன் ஓட்டியவன். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. இன்று திறப்பான், நாளை திறப்பான் என்று கம்பெனி கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதே அவனுக்கு வேலையாக இருந்தது. அதே கம்பெனியில் தரையில் நின்று அவனுக்குக் கை காட்டி சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த டில்லிபாபு சும்மா இருக்கவில்லை. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றில் காண்ட்ராக்ட் பிடித்து முன்னுக்கு வந்துவிட்டான். ஜெயவேல் அண்ணன் வந்தால் அன்றைக்கே கிரேனில் ஏற்றிவிடுகிறேன் என்று ஆள் விட்டும் சொல்லிவிட்டான். இவன் போகவில்லை. "எனக்குக் கை காட்னவன்கிட்ட போயி நான் கை கட்டிகினு நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து டில்லிபாபுவின் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறான். வீடோ செங்கொடியின் மசாலா கம்பெனிச் சம்பளத்தில் நொண்டிக்கொண்டு ஓடியது.

பன்னிரண்டாவது பெட்டி பொத்தென்று கீழே விழுந்தது. செங்கொடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பட்டன அமுக்க இம்மாம் பில்டப்பா? தூ!"

"பேசறது ஈசி. நீ ஒரு தபா அமுக்கிப் பாரு."

அமுக்கினாள். இரண்டாவது பெட்டியே தரைக்குப் போனது. அறையில் நின்ற பையன்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள், அவர்களோடு சேர்ந்து ஜெயவேலும் சிரித்தான். யூனியன்காரர் பெற்ற பெண், சிரித்தால் தாங்குவாளா? முகம் ஜிவுஜிவு என்று ஏறிவிட்டது.

"நான் மணி அடிச்சா நீ டில்லிபாபுகிட்ட போவணும். சொல்லு, போவியா?"

"நீயா? நீ அடி, அன்னிக்கே போறேன். ஆனா நான் மின்னாடி அடிச்சிட்டா, அவன் பேர வூட்ல எடுக்கவே கூடாது."

"நான் சாட்சி அண்ணி," என்றாள் ஜஹானாரா, போன் பில்லைக் கிழித்துக்கொண்டே.

மறுநாளிலிருந்து காலை ஷிப்ட் முடிந்து மிளகாய் நெடியோடு வீடு திரும்புகிற வழியில் செங்கொடி அங்கே ஏறினாள். அந்த நேரத்தில் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், சிரிக்க ஆள் இல்லை. மூன்று மாடி. மறுபடி மூன்று. நான்கு வந்த அன்றைக்கு ஜஹானாராவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் திரும்பவும் மூன்று. கண் என்னவோ பெட்டியைச் சரியாகத்தான் பார்த்தது. நேராக வந்துவிட்டது என்று தெரிந்து விரல் இறங்குவதற்குள் அது ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. "மிஷின் கலீஜ் மிஷினு" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அத்த இன்னாத்துக்கு அண்ணி அடிக்கிற, அது இன்னா பண்ணும்?" என்று சிரித்தாள் ஜஹானாரா.

விஷயம் பிடிபட்டது லாரிக்குப் பின்னால். டியூபில் தண்ணீர் நிற்காமல் கொட்டும், ஒரு குடத்தை இழுத்து அடுத்ததைத் தள்ள வேண்டும். குடம் நிரம்பிய பிறகு இழுத்தால் பாதித் தண்ணீர் தெருவுக்கு, வரிசையில் நிற்பவள் வாயில் வருவதெல்லாம் நமக்கு. செங்கொடி எப்போதும் தண்ணீர் கழுத்துக்கு வரும்போதே இழுத்துவிடுவாள், இழுக்கிற நேரத்தில் வாய் நிரம்பிவிடும். அன்றைக்குக் கை தன் பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருக்க, "அடச்சே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். பின்னால் நின்ற பட்டம்மாள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் பெட்டி வருவதற்கு முன்னாலேயே விரல் இறங்கியது. ஆறு, எட்டு, ஒன்பது என்று ஏறினாள். வேகம் கூடினபோது கண்ணை நம்புவதையும் விட்டுவிட்டாள். கிரேன் ஒவ்வொரு ஓரத்திலும் முட்டித் திரும்பும்போது டொக் என்று ஒரு சத்தம். அந்த டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவில் எங்கே அமுக்க வேண்டும் என்று காதே சொல்லிவிட்டது. பதினொன்று வந்த அன்றைக்குத் தெருவில் நடக்கும்போது சும்மா சும்மா சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு காரியத்தை இப்படிப் பிடித்துக்கொண்டு செய்தது இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயவேல் இன்னும் அதே பதினொன்றிலேயே நின்றான். ஒரு நாள் அவன் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை. பந்தயமாவது ஒன்றாவது.

"நீ பொட்டி நேரா வந்தப்புறம் அமுக்குறயா. வந்துட்டா லேட்டு. அதுக்கு மின்னாடியே அமுக்கு."

அவன் சட்டென்று திரும்பினான். "லோடு நேரா நிக்காம எறக்குனா கீழ கீறவன் செத்தான் மே. இருபது வருசம். ஒர்த்தன் மேல ஒரு கீறல் வுட்டதில்ல நானு."

இதைப் போய்க் கிண்டல் செய்தோமே என்று செங்கொடிக்கு இருந்தது. இந்த மனுஷன் கையை நம்பி எத்தனை பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று பெருமையாகவும் இருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "இங்க கீழ யாரும் இல்லயா. தாராளமா எறக்கு."

முயன்று பார்த்தான். விரல் பட்டனைத் தொட்டுக்கொண்டு நின்றது, பெட்டி நேராக வரும்வரை இறங்க மறுத்தது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. செங்கொடி எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் காயினைப் போட்டாள். ஐந்து மாடி வரை பையன்கள் நக்கல் அடித்தார்கள். பத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். பன்னிரண்டில் ஜஹானாரா பூத்தில் இருந்தவனைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். பதிமூன்றில் ஓரம் நறுக்குப்பட்டது. பதினான்கு எப்படியோ உட்கார்ந்தது. பதினைந்தாவது பெட்டி பென்சில் மாதிரி ஒல்லியாக வந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அலைந்தது.

காதுக்குப் பக்கத்தில் ஜெயவேல். தோற்கப் போகிறவன் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. "இரு... இரு... அவசரப்படாத... இரு..."

"வாய மூடுயா!"

எல்லாச் சத்தமும் விலகியது. டொக். டொக். செங்கொடி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

மணி அடித்தது. சாதாரண மணியா அது! பள்ளிக்கூடம் விட்ட மாதிரி விடாமல் அடித்தது, சிவப்பும் பச்சையுமாக விளக்கு சுழன்றது. பையன்கள் விசிலடித்தார்கள். ஜஹானாரா, "மாஷா அல்லா!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். செங்கொடிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெயித்துவிட்டேன், நான்தான் ஜெயித்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் பயத்தோடு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தான்.

கத்தி முடித்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "வா, போலாம்."

வழியெல்லாம் டீக்கடையில், சைக்கிள் கடையில், எதிரே வந்த ஆளிடமெல்லாம் நின்று நின்று சொன்னான். டில்லிபாபுவின் தெரு வந்ததும் செங்கொடி நடையை மெதுவாக்கினாள். இவன் திரும்பிவிடுவானோ என்று பார்த்தாள். ஜெயவேல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"டில்லி! டேய் டில்லிபாபு, வெளிய வாடா!"

சாப்பிட்ட கையோடு டில்லிபாபு பதறிக்கொண்டு வந்தான். "இன்னாண்ணா? இன்னா ஆச்சி?"

"எம் பொஞ்சாதி மணி அடிச்சிட்டாடா!"

"இன்னா மணிண்ணா?"

"இன்னாத்துக்கு வந்தேன்னு அப்பால சொல்றேன். மொதல்ல இத்த கேளு. இப்டி குந்து."

வாசல்படியில் அவனை உட்காரவைத்து, முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தான். டில்லிபாபு ஒன்றும் புரியாமல், கையில் சோறு காய, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். செங்கொடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயவேலின் உள்ளங்கை காற்றில் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய் அவன் தலையையே தாண்டிவிட்டது, அடுத்த பெட்டியை வைக்க எட்டாமல் அவன் குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான்.