பச்சை பெயின்ட் அடித்த நாற்பது பேட்டரிகள்

ஸ்டோர்கீப்பர் போன மாதமே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். ஆனால் பதிவேட்டில் அவர் பெயரில் நாற்பது செத்த பேட்டரிகள் நின்றன. பளு தூக்கும் வண்டிகளில் உழைத்து ஓய்ந்தவை. பொருளை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அதைக் கணக்குத் தீர்த்தால்தான் ஆலையை விட்டுப் போகலாம் என்பது விதி.

"பேட்டரியோடயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று மனைவி போனில் கேட்டாள்.

"அதுங்க என்னை விட மாட்டேங்குதுடி."

விடாதவர் மேனேஜர். பேட்டரிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, 'முன்மாதிரி மறுசுழற்சி மூலை' என்று பலகை மாட்டியிருந்தார். ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் போட்டியின் நடுவர் வந்து பார்த்து ஒரு கோப்பை தருவார். பேட்டரிகளை மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டால் அவருக்கு எதைக் காட்டுவது? அடியில் அமிலம் கசிந்து தரையைத் தின்றது. மேனேஜர் அங்கே ஒரு பூச்செடி வைத்தார். செத்தது. பிளாஸ்டிக் செடி வைத்தார். அது நலமாக இருக்கிறது.

இந்த வருடம் நடுவர் வந்தார்.

"இதையெல்லாம் எப்ப அனுப்புவீங்க?"

"உடனுக்குடன் சார்" என்றார் மேனேஜர்.

"மறுசுழற்சி நிலையத்து வண்டி வாசல்ல நிக்குது சார்" என்றார் ஸ்டோர்கீப்பர். முந்தின நாளே அவர்தான் சொல்லி வைத்திருந்தார்.

"பிரமாதம். ஏத்துங்க, நானும் பாக்கறேன்."

நாற்பதும் வண்டியேறின. நடுவர் கை தட்டினார். மேனேஜரும் தட்ட வேண்டியதாயிற்று. ஆனால் அன்று மாலையே பக்கத்து ஆலையில் கெஞ்சிக் கேட்டு அறுபது செத்த பேட்டரிகளை லாரியில் வரவழைத்துவிட்டார்.

"மூலை காலியா இருந்தா அடுத்த வருஷம் என்னய்யா காட்டறது? போய்க் கையெழுத்துப் போட்டு வாங்குங்க."

"போடறேன் சார். என் லெட்டர்ல மட்டும் ஒரு கையெழுத்து."

பச்சை பெயின்ட் மிச்சமிருக்கிறதா என்ற கவலையில் இருந்த மேனேஜர் படிக்காமலே கிறுக்கினார். ஸ்டோர்கீப்பர் தன் பணி விடுவிப்புக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இப்ப நான் இந்த ஆலையில யாருமில்ல சார். வெளியாள் கையெழுத்து செல்லாது."

லாரி டிரைவர் ரசீதை நீட்டிக்கொண்டே வந்தார். "யாராவது ஒருத்தர் போடுங்க சார், வண்டி நிக்குதில்ல."

அங்கே நின்ற ஆலைக்காரர் ஒரே ஒருவர்தான். போட்டார்.

மேனேஜர் ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது.