மாமனாரின் முழங்காலுக்கு ஒரு வார்த்தை

அவன் வீட்டோடு மாப்பிள்ளை. ஆங்கில இலக்கியப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் மாமனார் வீட்டில் அந்தப் பாதிக்கே பெரிய மரியாதை. மாமனாரின் முழங்காலைப் பற்றித் தமிழ் தெரியாத டாக்டரிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல அவனைத்தான் இழுத்து வந்திருந்தார்கள். மாமனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். டாக்டர் சரி என்றால்தான் திங்கட்கிழமை ஸ்டியரிங்கைத் தொடலாம்.

வரும் வழியில் அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பெயின்னா நல்ல வலி, மாமா. ஏக்னா விடாம லேசா நோவுறது" என்று விளக்கித் தொலைத்தான்.

காத்திருந்த பெஞ்சிலேயே பேரம் ஆரம்பித்தது.

"ஏக்னே சொல்லிடுங்க மாப்பிள்ளை. தைலத்தோட போயிடும்."

"பெயின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. "அப்பவாவது அப்பா வீட்ல உட்காருவார்."

"உட்கார்ந்தா நாள் முழுக்க உங்கம்மாகூட நானில்ல மல்லுக்கட்டணும்!"

உள்ளே டாக்டர் கேட்டதும் அவன் இருவரையும் பார்த்தான். இரண்டு பக்கமும் முறைப்பு. "டிஸ்கம்ஃபர்ட்" என்று நழுவினான். அசௌகரியம். நாற்காலி சரியில்லை என்றாலும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன தொந்தரவு என்றே தெரியவில்லை, ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை பஸ் ஓட்ட வேண்டாம் என்றார்.

அவன் அதைத் தமிழில் சொன்னதும் மாமனாரின் முகம் தொங்கிப்போனது.

அவனுக்கு எரிச்சலாக வந்தது. "மாமா, ஏக்கும் வேணாம் பெயினும் வேணாம். கால் நிஜமா என்னதான் பண்ணுது?"

"காலைல எந்திரிச்சா மடக்க வராது. கட்டையாட்டம் நிக்கும். நாலு எட்டு வெச்சா சரியாயிடும்."

"வலி?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஸ்டிஃப்" என்றான் அவன் டாக்டரிடம். காலையில் மட்டும், நடந்தால் விட்டுவிடுகிறது என்றும் சேர்த்துச் சொன்னான்.

டாக்டர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். தன் உள்ளங்கையைக் காட்டி, பிரேக் மாதிரி மிதிக்கச் சொன்னார். மாமனார் மிதித்த மிதியில் டாக்டர் தன் உருளும் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். சிரித்தபடியே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"ஓட்டலாமாம்" என்றான் அவன். "ஆனா சும்மா உட்காரக் கூடாது. ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் இறங்கி நடக்கணும். வீட்லயும்தான். மாடிப்படி ஏறி இறங்கினா ரொம்ப நல்லதாம்."

மனைவியின் முகம் மலர்ந்தது. "அப்போ இனிமே அப்பாவே குப்பையக் கீழே கொண்டுபோய்ப் போடட்டும்!"

மாமனார் கண்ணைச் சுருக்கினார். "மாடிப்படின்னு அவர் சொன்னாரா, இல்ல நீங்களா சேர்த்தீங்களா மாப்பிள்ளை?"

இத்தனை நாளும் மூன்று மாடி இறங்கிக் குப்பை சுமந்தவன் டாக்டருக்கு நன்றி சொல்வதில் மும்முரமாக இருந்தான்.