விருந்தினர் அறை, பத்துக்குப் பதினொன்று

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்தால் என்னைத் திட்டுவீர்கள். இப்போதே திட்டிவிட்டால் எனக்கும் வசதி.

முதல் தொடக்கம்: "தன் வீட்டின் வரைபடத்தைத் தானே போட்ட ஒருவன், மிகுந்த பெருமையுடன்..." வேண்டாம். பெருமை என்று எழுதும்போதே காது சுடுகிறது.

இரண்டாவது தொடக்கம். அவன் கணக்கு வாத்தியார். இன்ஜினியர் எதற்கு, கட்டம் போட்ட தாள் போதாதா என்று வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தான். அளவெடுக்க உதவியவள் அக்கா. பதினாறு வருடமாக அவனோடுதான் இருக்கிறாள். கூடத்து மூலையில் அவளுடைய தையல் மெஷின், பக்கத்தில் சுருட்டி வைத்த பாய். கட்டில், பீரோ, கதவு என்று எதை அளந்தாலும் அவள் ஒரு முனையைப் பிடிப்பாள், அவன் மறுமுனையில் எண்ணைப் படிப்பான்.

(டேப்பும் அவளுடையதுதான். ஐந்தடித் தையல் டேப். இதை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்கிறேன்.)

2

வரைந்து முடித்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். எங்கள் அறை, மகள் அறை, மகன் அறை, விருந்தினர் அறை. பைக்குக்குக்கூட நிழல் இருந்தது.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு அறையாகப் போய் வந்தாள்.

"மெஷினை எங்கடா போடுறது?"

அவன் தாளைப் பார்த்தான். மறந்திருந்தான். சத்தியமாக மறந்தேதான் போயிருந்தான். அவன் மனைவி அப்போது பார்த்த பார்வையில்... [விட்டுவிடுகிறேன். பழியில் பாதியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேன்.]

"இதோ, இது உனக்குத்தான்க்கா," என்று விருந்தினர் அறையைத் தொட்டான். "உனக்குன்னே போட்டது."

அதில் எழுதியிருந்ததை அக்கா மெதுவாகப் படித்தாள். "நல்லாருக்குடா. ஜன்னல் பெருசு," என்றாள்.

3

இங்கே அக்காவை அழ வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. "பதினாறு வருஷமா நான் விருந்தாளியாடா?" என்று கேட்க வைத்தேன். வசனம் எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

விழுந்திருப்பான்.

(சரி, மாட்டிக்கொண்டேன். வாத்தியார் நான்தான். 'அவன்' என்று எழுதினால் வெட்கம் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன்.)

உண்மையைச் சொன்னால், உன்னை மறந்துவிட்டேன் என்று ஆகும். பொய்யை விட்டுவைத்தால், யோசித்துத்தான் உன்னை விருந்தாளி ஆக்கினேன் என்று ஆகும். எது அவளுக்குக் குறைவாக வலிக்கும்? இரண்டையும் எழுதி எழுதிக் கிழித்தாயிற்று.

4

இப்போது சுவர் எழும்பிவிட்டது. கொத்தனார் அறைகளைத் தாளில் உள்ள பெயரால்தான் கூப்பிடுகிறார். இன்று காலை அக்கா வந்தபோதும், "பாத்து வாங்கம்மா, விருந்தாளி ரூம்ல தரை ஈரம்," என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஜன்னலின் ஓரத்தில் டேப்பை வைத்து அழுத்தினாள்.

"தம்பி, அந்த முனையைப் பிடி. விருந்தாளி ரூமுக்குத் திரை தைக்கணும்."

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். முடிவு இரண்டு: தாளில் பெயரை அழித்து 'அக்கா அறை' என்று...

"எவ்வளவுடா இருக்கு?"

என்னால் ஆகவில்லை. இந்தாருங்கள், என் முனையை நீங்கள் பிடியுங்கள். அவள் காத்திருக்கிறாள். தயவுசெய்து, எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.