முப்பத்தொன்றாம் கன்று

தொண்ணூற்றாறு முலாம்பழக் கன்றுகள். பழம் மணக்க மூன்று மரபணுக்கள் ஒரே கன்றில் கூடவேண்டும். கூடியவை நான்கே நான்கு. எவை என்று இலைத்துணுக்கைச் சோதித்துச் சொன்னவள் ஆய்வகக்காரி. அவள் சொன்ன நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நாற்றங்கால்காரர் குப்பைக்கு அள்ளிப்போனார்.

நான்கும் பழுத்தன. மணமா? வெள்ளரிக்காயே தேவலை.

"அந்த நாத்தங்கால் ஆளு கன்ன மாத்தி வச்சிட்டான்," என்றார் ஆய்வக இயக்குநர். ஊருக்கு இளைத்தவன் ஒருவன் இருக்கும்போது காரணத்துக்கா பஞ்சம்! இருபது வருடம் உழைத்த மனிதரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பாவம் இருந்த இடம் மறுவாரம் அவளுக்குத் தெரிந்தது. கன்றுக்கு ஒரு குழியாக வரிசைப்படுத்திய சோதனைத் தட்டில் வெட்டுப்பட்ட மூலை இடது மேற்புறம் வரவேண்டும். சோதித்த அன்று எடுத்த புகைப்படத்தில் அது வலது கீழ்ப்புறம் இருந்தது. தட்டைத் திருப்பி வைத்திருக்கிறாள். முதல் கன்றின் முடிவு கடைசிக் கன்றுக்கும், முப்பத்தொன்றின் முடிவு அறுபத்தாறுக்கும் போய்விட்டது. அறுபத்தாறை வைத்துக்கொண்டு முப்பத்தொன்றை எறிந்திருக்கிறார்கள். தினமும் காலையில் சொல்லிவிடுவதாகக் கிளம்பினாள். மாலையில் சொல்லாமலே திரும்பினாள்.

முதலில் நாற்றங்கால்காரரிடமே சொல்லிவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். தெருமுனையிலேயே மணம் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"வாங்கம்மா," என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். "குப்பையில போட மனசு வரல. நாலஞ்சு கன்ன கொண்டாந்து நட்டேன். இந்த ஒரு கொடிதான் இப்படி மணக்குது."

ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். எட்டு வருடமாக அவர்கள் தேடிய பழம்.

"இருபது வருஷத்துல ஒரு கன்னு மாறினதில்லம்மா. ஆனா உங்க டெஸ்டு பொய் சொல்லாதே. அப்ப என் கைதான் தப்பு பண்ணியிருக்கு போல."

சொல்ல இதைவிட வேறு நேரம் வாய்க்காது. பாவி, வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"கொஞ்சம் விதை கிடைக்குமாண்ணே?"

"உங்களுக்கு இல்லாததா?" கழுவித் துடைத்துக் காகிதத்தில் மடித்தார். பழக்கம் விடுமா? கொடியில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்து, பொட்டலத்தின்மேல் பென்சிலால் எண்ணை எழுதிக் கொடுத்தார்: 31.

தெரு திரும்பியதும் அவள் விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.