மாஸ்டரின் வலது கால்

ஓட்டுநர் பள்ளி மாஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன், கண்ணுகளா. ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று அவர் ஒருவர்தான் சொல்லிக்கொள்வார். பள்ளிக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் இவர் காலடியில் இன்னொன்று. தூரத்தில் பூனை தென்பட்டால் போதும், இவர் கால் முந்திக்கொள்ளும். மனைவியும் இவரிடம்தான் கற்றாள், உரிமமும் வாங்கினாள். அத்தோடு சரி. வீட்டுக் காரின் சாவி மாஸ்டரின் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை.

அவள் மருத்துவமனையில் நர்ஸ். மலையடிவாரத்துக் கிளைக்குத் தலைமை நர்ஸாகப் போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அங்கே பஸ் கிடையாது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். சாவியைக் கேட்டதற்கு மாஸ்டர் சிரித்தார்.

"உனக்கு நேராப் போகத் தெரியாதுடி."

ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாக ஆற்றுக்குப் போனார்கள். இருவர் உட்காரும் கயாக், ஒல்லியான துடுப்புப் படகு. பாலம் வரை நேராக ஓட்டிக்காட்டினால் சாவி உனக்கு என்று கரையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். தோற்பாள் என்பதில் மனுஷனுக்கு அவ்வளவு நிச்சயம்.

கயாக் வாடகைக்கு விடும் பெண், பின்னிருக்கைப் பெடல்கள் சுக்கானைத் திருப்புபவை, வலதை மிதித்தால் வலப்பக்கம் போகும் என்று ஆரம்பித்தாள். மாஸ்டர் கையமர்த்தினார்.

"பெடலைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கறே?"

மனைவியை முன்னால் துடுப்புப் போட விட்டு, மேற்பார்வைக்கு வசதியாகப் பின்னால் உட்கார்ந்தார். துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டார். மேற்பார்வை பார்க்கிறவர் கையை நனைப்பாரா?

ஒரு வாத்து குறுக்கே போனது. மாஸ்டர் வலது காலை ஊன்றினார். கயாக் வலப்பக்கம் திரும்பிக் கோரைக்குள் மூக்கை நுழைத்தது. "பாத்தியா" என்றார். பின்வாங்கி வந்தார்கள். அடுத்து மிதந்து வந்த கிளைக்கு ஒரு மிதி, மேகத்தின் நிழலுக்கு ஒரு மிதி. ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்து கோரையைப் பிடுங்கிக்கொண்டே, பெண்களுக்குத் திசை ஏன் பிடிபடாது என்று விளக்கினார். ஆற்றைவிட அவர் வாய்தான் வேகமாக ஓடியது.

முன்னால் இருந்தவளுக்கு அவர் கால் தெரியாது. ஆனால் மிதிக்குமுன் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் பள்ளிக் காரிலேயே கேட்டுப் பழகியது. மூச்சு, உடனே திருப்பம். கரையில் அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. மணல்திட்டில் ஒதுக்கினாள்.

"ஏங்க, நீங்க முன்னாடி வாங்க. பெரியவங்க பின்னாடி உக்காந்தா நல்லாவா இருக்கு?"

முன்னிருக்கை மாஸ்டருக்குக் கசக்குமா? மாறி உட்கார்ந்தார். அங்கே பெடல் இல்லை, கால் வைக்க வெறும் பள்ளம். வாத்துக்கும் நிழலுக்கும் அந்தப் பள்ளத்தை மிதிமிதியென்று மிதித்தார். கயாக் நூல் பிடித்தாற்போலப் பாலத்துக்குப் போய்த் திரும்பியது.

"நான் முன்னாடி வந்தப்புறம் எப்படிப் போச்சு பாத்தியா?" என்றார், கரை முழுக்கக் கேட்க.

"பாத்தேன். நேராப் போச்சு. சாவியக் குடுங்க."

கரை பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்தார், கூடவே ஓர் அறிவுரையும். அவள் காரை ஓட்ட, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் காரின் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் கார் மெல்ல நின்றது.

"நான் மிதிச்சதால நின்னுச்சு" என்றார்.

திங்கட்கிழமை, சரி என்று சொல்ல அவள் மலையடிவாரத்துக்கே காரில் போனாள். பக்கத்து இருக்கையில் அவள் கைப்பை இருந்தது. அது ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.