நடுப்பாலத்தில் ஒரு சைக்கிள்

எட்டு நிமிடம் படி ஏறி இறங்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. ஒரே ஒரு படி, முழங்கால் உயரம்கூட இல்லை. மூன்றாவது நிமிடத்தில் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. நான்காவது நிமிடத்தில் டாக்டரம்மாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றேன். சோதனை அதோடு முடிந்தது.

"ஆம்புலன்ஸ் ஓட்டுறது நீங்கதானா? நோயாளியைத் தூக்கிட்டு மாடி இறங்குறதும் நீங்கதானா?"

"ஆமா டாக்டர். இருபத்திரண்டு வருஷமா."

"இப்படியே போனா உங்க ரெண்டு பேரையும் தூக்க இன்னொரு வண்டி வரணும்," என்று சொல்லி மூன்று மாதம் தவணை கொடுத்தார். மறுபடியும் தோற்றால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, போன் அறைக்குப் போக வேண்டும்.

போன் அறை என்பது எங்கள் நிலையத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறை. முட்டி போனவர், முதுகு போனவர் எல்லாரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "பதறாதீங்க, விலாசம் சொல்லுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் என் கதை வேறு. வீட்டில் என் பேச்சு எடுபடாது. கடையில் எனக்குப் பின்னால் வந்தவன் முன்னால் வாங்கிக்கொண்டு போவான். சைரனைப் போட்டால் மட்டும் ஊரே ஒதுங்கி எனக்கு வழி விடும். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? வெறும் தொப்பை. உண்மையைச் சொன்னால், பயந்துபோய்விட்டேன்.

அப்படித்தான் சைக்கிள் வந்தது. மாடி வீட்டுப் பாட்டு வாத்தியார் பத்து வருடமாகப் பால்கனியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்த மலையேறும் சைக்கிள். அது மலையைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஜோடிப் பொருத்தம் பரவாயில்லை. இருபத்தொரு கியர் என்று சொல்லித்தான் தள்ளிவிட்டார். அதில் வேலை செய்தவை இரண்டு. ஒன்றில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, இன்னொன்றில் காலே நகராது.

என் மனைவி வாசலில் நின்று என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க இதை ஓட்டப் போறீங்களா, இது உங்களை ஓட்டப் போகுதா?"

காரியத்தில் இறங்கியவன் வாயைத் திறக்க மாட்டான். ஒரு நோட்டை எடுத்து, ஆம்புலன்ஸுக்குச் செய்வதுபோலவே பிரேக், டயர், விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

"ஆக்சிஜன் சிலிண்டரை மறந்துட்டீங்களே," என்றாள். "இன்னிக்கு உங்களுக்குத்தான் அது வேணும்."

சைக்கிள் பழகினால் மறக்காது என்பார்கள். எனக்கும் மறக்கவில்லைதான். மூளைக்கு ஞாபகம் இருந்ததை யாரும் தொடைக்குச் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான். தெருமுனை திரும்புவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு மேடு உண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த வழியே ஆம்புலன்ஸில் போகிறேன், அங்கே மேடு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. பால் பாக்கெட் போடும் அம்மாள் கேரியரில் இரண்டு பெட்டியோடு என்னைத் தாண்டிப் போனார். "மெதுவா வாங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல," என்று ஆறுதல் வேறு. இறங்கித் தள்ளினேன். அடுத்த மூன்று நாள் வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

உடம்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாருமே வழி விடவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. லாரி ஒதுங்கவில்லை, ஆட்டோ ஒதுங்கவில்லை. நடுரோட்டில் படுத்திருந்த நாய்கூட ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஒருநாள் சிவப்பு விளக்கைக் கண்டதும், பழக்க தோஷம், நிற்காமல் நேராகப் போய்விட்டேன். சிவப்பு என்பது மற்றவர்களுக்கு என்றுதானே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன்! போக்குவரத்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து பிடித்தார். முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணா, மேல சுழல்ற விளக்கை மாட்டிட்டு வாங்க, விடுறேன்."

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் மிதித்தேன். இரண்டாம் மாதம் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. மூன்றாம் மாதம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் இறங்காமல் ஏறினேன். அன்று பார்த்துப் பால்கார அம்மாள் வரவில்லை, அதுதான் வருத்தம்.

சோதனை நாள் வந்தது. எனக்கு விடுப்பு. என் வண்டியைப் புதுப்பொண்ணு ஓட்டுவதாக ஏற்பாடு. அப்படித்தான் அவளை எல்லாரும் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒன்பது வருடமாக என்னோடு வண்டியில் வரும் சிஸ்டர் அன்று அவளோடு இருந்தார். நான் சைக்கிளிலேயே சோதனைக்குக் கிளம்பினேன். டாக்டரம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கட்டுமே என்ற ஆசைதான்.

வழியில் பழைய பாலம். ஒரு வண்டி அகலம்தான், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். ஒரு வண்டி முன்னால் போனால் பின்னால் வருவது முந்த முடியாது. சைக்கிளாக இருந்தால் ஓரமாக ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. பாதி தூரம் போயிருப்பேன்.

சைரன் கேட்டது. தூரத்தில், பிறகு பக்கத்தில், பிறகு என் முதுகின்மேலேயே. காதில் விழவில்லை என்று சொல்லவே மாட்டேன், நன்றாக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு இருபத்திரண்டு வருடமாக என் உடம்பு செய்து பழகியது ஒன்றே ஒன்றுதான். நடுவில் பிடி, மிதி. பிடித்தேன், மிதித்தேன். அடேயப்பா, என்ன வேகம்! கால் வலி இல்லை, மூச்சு இரைக்கவில்லை. ஹாரன் கேட்டது, யாரோ மைக்கில் கத்தினார்கள். நம் வண்டிக்கு முன்னால் எந்த மடையனோ ஒதுங்காமல் போகிறான் என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தேன்.

பாலம் முடிந்து சாலை விரிந்ததும் வண்டி சீறிக்கொண்டு என்னைத் தாண்டியது. என் வண்டி, என் நம்பர். பக்கக் கண்ணாடியில் சிஸ்டரின் முகம், வாய் பிளந்தபடி. நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.

கையை இறக்குவதற்குள் புரிந்துவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். வழி விடாதவர்களை நான் திட்டாத திட்டு உண்டா? மனுஷ ஜென்மமா என்றெல்லாம் கேட்டிருக்கிறேனே.

சோதனையில் தேறிவிட்டேன். எட்டு நிமிடமும் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் உள்ளே யார், உள்ளே யார் என்றுதான் மனது கேட்டுக்கொண்டிருந்தது. "முப்பது வயசு இதயம்!" என்று டாக்டரம்மா கைகுலுக்கினார். இத்தனை மாதம் கனவு கண்ட வார்த்தை. சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு நிலையத்துக்கு மிதித்தேன், ஓரமாக.

சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"உள்ள இருந்தது யாரு சிஸ்டர்?"

"மூச்சுத் திணறின ஒரு அம்மா. பிழைச்சுட்டாங்க, பயப்படாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க இன்னிக்கு லீவு. பேசாம வீட்டுக்குப் போங்க அண்ணா."

போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன், திரும்பியும்விட்டேன். அப்போதுதான் உள்ளேயிருந்து சூப்பர்வைசரின் குரல் கேட்டது.

"பாலத்துல பதினஞ்சு கிலோமீட்டர் வேகம்! ஊர்வலம் போனியாம்மா?"

"முன்னாடி ஒரு சைக்கிள் சார். ஒதுங்கவே இல்ல," என்றாள் புதுப்பொண்ணு. அழுகிற குரல். "ஹாரன் அடிச்சேன், மைக்ல கத்தினேன். அந்த ஆள் இன்னும் வேகமா மிதிக்கிறான் சார்."

"சைரனைக் கேட்டு வேகமா மிதிச்சானா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லு. இது மூணாவது லேட்டு. உன்னை எப்படி நான் நிரந்தரம் பண்றது? நாளையிலிருந்து வர வேண்டாம்."

கதவைத் தள்ளினேன். "அது நான்தான் சார்."

சூப்பர்வைசர் சிரித்தார். "விளையாடாதீங்க. டெஸ்ட் என்னாச்சு?"

"பாஸ் சார். அந்தச் சைக்கிளும் நான்தான் சார்."

சிரிப்பு நின்றது. எங்கள் ஆட்களே ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் ஆறு மாதம் ஸ்டியரிங் தொடக்கூடாது என்பது நிலைய விதி. அந்த விதி வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று மேசையைத் தட்டியவன் யார்? நான்தான், வேறு யார். அவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். என்மேல் அவருக்குப் பிரியம் உண்டு.

"காதுல விழலன்னு எழுதிடறேன். வார்னிங்கோட போயிடும்."

நல்ல யோசனை. 'சரி சார்' என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது. புதுப்பொண்ணு கண்ணைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துச்சு சார். விழுந்ததாலதான் மிதிச்சேன்."

பேனா அப்படியே நின்றது. அவரும் ஒரு காலத்தில் ஓட்டுநர். "எனக்கும் கடைத்தெருவுல சைரன் கேட்டா கால் ஓடப் பாக்கும்," என்று மெல்லச் சொன்னார். பிறகு எழுதினார். ஆறு மாதம், போன் அறை. என் வண்டியின் சாவியைப் புதுப்பொண்ணிடமே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று ஒரு நப்பாசை. அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஏன் தீர வேண்டும்?

"காலையிலிருந்து நுனியில உக்காந்து ஓட்டறேன். பெடல் எட்ட மாட்டேங்குது. இந்த லிவர் அசையவே மாட்டேங்குது."

எப்படி அசையும்? என் வயிற்றுக்கு இடம் விட்டுப் பின்னால் தள்ளியது, வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. மண்டியிட்டு, லிவரை இடது பக்கம் சாய்த்துத் தூக்கி, தோளால் முட்டினேன். கிறீச்சென்று சீட்டு முன்னால் போனது. அவள் காலை நீட்டிப் பெடலை அழுத்திப் பார்த்தாள். எட்டியது.

வண்டியைச் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுக்கக் கிளம்பினேன். அப்போது மணி அடித்தது. சிஸ்டர் ஓடிவந்து ஏறினார், சைரன் கிளம்பியது. என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வண்டி நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று பார்த்தேன். முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒதுங்குங்கண்ணா!" என்று மைக்கில் கத்தினாள்.

ஒதுங்கினேன்.